சாயச்சாலைச் சிற்றூரும் உதைபந்தாட்டக் கழகமும்: றென்ரன் கழக வரலாறு தரும் பாடங்கள்

1. முன்னுரை

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் மக்கள் மாலை வேளைகளில் ஒன்றுகூடும் இடங்களுள் உதைபந்தாட்டத் திடலும் ஒன்றாகும். நகரிலே ஏகாம்பரம் விளையாட்டரங்கிலும், குடாவுக்கு அப்பால் கிண்ணியா, மூதூர் முதலிய ஊர்களிலும் இவ்வாட்டம் வேரூன்றியுள்ளது. இது பிரித்தானியக் கடற்படையினரும் படைவீரரும் கொண்டுவந்த ஆட்டம் எனப் பொதுவாகக் கூறுவர். கூற்று தவறன்று; ஆயினும் அது அரைகுறையானது. அந்நியர் கொண்டுவந்தவை பல. அவற்றுட் சிலவற்றையே மக்கள் தமதாக்கிக் கொண்டனர். ஓர் ஊர் ஓர் ஆட்டத்தைத் தனதாக்கிக் கொள்வது எவ்வாறு? அவ்வாட்டத்துக்கென ஒரு கழகத்தை நிறுவி, தலைமுறை தலைமுறையாகப் பேணுவதற்கு எத்தகைய சமூக நிலைமைகள் வேண்டப்படுகின்றன? அந்நிலைமைகள் மாறும்போது கழகத்துக்கு நேர்வது யாது?

இவ்வினாக்களுக்கு விடைகாண, ஸ்கொட்லாந்தின் மேற்குப் பகுதியிலே லீவன் ஆற்றங்கரையில் அமைந்த றென்ரன் என்னும் சிற்றூரின் கழக வரலாற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. இவ்வூரைத் தெரிந்தெடுத்தமைக்கு இரு காரணங்கள் உள. முதலாவது, 1872இல் தோன்றி, 1888இல் ‘உலக வெற்றிவீரர்’ எனப் பட்டம் சூடி, 1922இல் மறைந்த அக்கழகத்தின் ஐம்பதாண்டு வாழ்வு, ஒரு சிற்றூர்க் கழகத்தின் பிறப்பையும் இறப்பையும் முழுமையாகக் காட்டுவது. இரண்டாவது, அவ்வூரின் வாழ்வும் நமது கரையோரங்களின் வாழ்வும் ஒரே வணிக வலையின் இரு முனைகளாக இருந்தமை. இவ்விரண்டாவது காரணம் விளையாட்டு வரலாறுகளிற் பெரும்பாலும் பேசப்படுவதில்லை; ஆதலின் அதிலிருந்தே தொடங்குவது பொருத்தமாகும்.

2. சிவப்புத் துணியும் சாயவேரும்

லொமண்ட் ஏரியிலிருந்து புறப்படும் லீவன் ஆறு சில மைல்களே ஓடி, டம்பாட்டன் நகரருகே கிளைட் ஆற்றுடன் கலக்கின்றது. அதன் நீர் மென்மையானது. துணி வெளுப்பதற்கும் சாயமேற்றுவதற்கும் மென்னீர் இன்றியமையாதது. ஆதலின் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வெளுப்புச்சாலைகள் அதன் கரைகளில் எழுந்தன. அத்தொழிலாளர் குடியிருப்பதற்கெனத் திட்டமிட்டு அமைக்கப்பட்டதே றென்ரன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வூரின் இரு பெருஞ் சாலைகளான டல்கர்ன், கோர்டேல் என்பன வில்லியம் ஸ்ரேலிங் நிறுவனத்துக்கு உரியனவாயிருந்தன. ‘துருக்கிச் சிவப்பு’ எனப்பட்ட, வெயிலிலும் சலவையிலும் மங்காத செந்நிறப் பருத்தித் துணியே அப்பள்ளத்தாக்கின் பெருமைக்குரிய உற்பத்தி. அதன் தலையாய சந்தைகளுள் ஒன்று இந்தியத் துணைக்கண்டம். மயில் முதலிய உருவங்கள் அச்சிடப்பட்ட சிவப்புத் துணிகள், இந்துத் தெய்வங்களின் படம் பொறித்த வணிகச் சீட்டுகள் ஒட்டப்பட்டுக் கப்பலேறின.

இந்நிறம் நமக்குப் புதியதன்று. சோழமண்டலக் கரையிலும் யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளிலும் மணற்பாங்கான நிலங்களிற் கிடைத்த சாயவேரைக் கொண்டு தமிழ்ச் சாயத்தொழிலாளர் நெடுங்காலமாகத் துணிக்குச் செந்நிறம் ஏற்றி வந்தனர். இலங்கையில் ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திலும் சாயவேர் அரசின் தனியுரிமைப் பொருளாக விளங்கியது. அதனைத் தோண்டும் கடும் உழைப்பு சமூகத்தின் அடித்தளத்திலிருந்த மக்கள்மீது சுமத்தப்பட்டிருந்தது. சாயவேரிலும், ஐரோப்பியர் பயன்படுத்திய மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலும் செந்நிறம் தருவது அலிசரின் என்னும் ஒரே பொருளாகும். 1868இல் கிரேபே, லீபர்மன் என்ற செருமானிய வேதியியலறிஞர் இருவர் அப்பொருளைச் செயற்கையாக ஆக்கினர். அடுத்த ஆண்டிலேயே அது வணிக உற்பத்திக்கான உரிமப் பதிவுகளைப் பெற்றது. ஒருபுறம் இறக்குமதியான ஆலைத் துணியும் மறுபுறம் செயற்கைச் சாயமும் நெருக்க, சாயவேர்த் தொழில் நலிந்து மறைந்தது.

ஆகவே, றென்ரனின் சாயச்சாலைகள் தழைத்த காலமும் நமது கரையோரச் சாயத்தொழில் அழிந்த காலமும் ஒன்றே. இதனால் றென்ரன் தொழிலாளரைக் குற்றவாளிகளாகக் காண்பது பொருந்தாது. குறைந்த கூலிக்கு, சாயப்புகையும் ஈரமும் நிறைந்த கூடங்களில் நாள் முழுதும் உழைத்தோர் அவர்கள். அவர்களுட் பெரும்பாலோர் பெண்களும் சிறுமியரும். ஈட்டிய பொருள் சென்றடைந்த இடம் வேறு. ஆயின், அப்பள்ளத்தாக்கின் இளைஞர் சனிக்கிழமை மாலையிற் பந்தை உதைத்தபோது அவர்களது ஓய்வுக்கு அடிநிலையாக அமைந்த பொருளாதாரத்தில் நமது முன்னோரின் இழப்பும் ஒரு கூறாக இருந்தது என்பது மனங்கொளத்தக்கது.

3. கழகத்தின் தோற்றம்

உதைபந்தாட்டக் கழகங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் திடீரெனப் பெருகியமைக்குச் சனிக்கிழமை அரைநாள் ஓய்வு முதன்மையான காரணமாகும். 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளைச் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மூடவேண்டுமென விதித்தது. அவ்வழக்கம் படிப்படியாகப் பிற தொழில்களுக்கும் பரவியது. இவ்வோய்வு முதலாளிகள் மனமுவந்து அளித்த கொடையன்று. வேலைநேரக் குறைப்புக்காகத் தொழிலாளர் நடத்திய நெடும் போராட்டத்தின் விளைவு. இன்று உலகெங்கும் சனிக்கிழமை ஆட்டம் என்பது மரபாகிவிட்டது. அம்மரபின் அடியில் ஒரு தொழிலாளர் உரிமை மறைந்து கிடக்கின்றது.

1872ஆம் ஆண்டிலே லீவன் பள்ளத்தாக்கிலும் அதன் வாயிலிலும் மூன்று கழகங்கள் தோன்றின: றென்ரன், அலெக்சாந்திரியா ஊரைச் சார்ந்த வேல் ஒவ் லீவன், டம்பாட்டன். கிளாஸ்கோ நகரின் குயின்ஸ் பார்க் கழகத்தார் பள்ளத்தாக்குக்கு வந்து புதிய ஆட்டத்தின் விதிகளை ஆடிக் காட்டினர். ஆயின் அங்குள்ள இளைஞர் வெற்றுக் கையோடு அதனைக் கற்றாரல்லர். வடபுல மலைநாடுகளிலிருந்து வேலைதேடி வந்த குடும்பங்கள் ‘சின்ரி’ எனும் கோற்பந்து ஆட்டத்தைத் தம்முடன் கொண்டுவந்திருந்தன. ஓடுதல், இடமறிந்து நிற்றல், தோழனுக்குப் பந்தை அனுப்புதல் ஆகிய திறன்கள் அவர்களுக்கு முன்னரே கைவந்தவை. புதியதை ஏற்பதற்குப் பழையது வழிவகுத்தது என்பதை இங்கு காண்கின்றோம்.

1873இல் ஸ்கொட்லாந்து உதைபந்தாட்டச் சங்கம் நிறுவப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 18ஆந் திகதி தொடங்கிய முதலாவது கிண்ணப் போட்டியிலே பங்குபற்றிய 16 கழகங்களுள் றென்ரனும் ஒன்று. அன்று அது கில்மார்னொக் கழகத்தை 2-0 என வென்றது. 1875இல் இறுதியாட்டத்தை எட்டி, குயின்ஸ் பார்க்கிடம் தோற்றது. வேல் ஒவ் லீவன் 1877, 1878, 1879 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து கிண்ணம் வென்றது. டம்பாட்டன் 1883இல் வென்றது. 1885இல் றென்ரனின் முறை வந்தது; அவ்வாண்டு இறுதியாட்டத்தில் அது தோற்கடித்த எதிரணி அயலூரான வேல் ஒவ் லீவனே. ஒரு சிற்றாற்றின் கரையிலுள்ள மூன்று ஊர்கள் ஒரு நாட்டின் கிண்ணத்தை ஏறத்தாழத் தம்முள்ளேயே கைமாற்றிக் கொண்ட காலம் அது.

இதனைத் தனி வீரரின் திறமையால் மட்டும் விளக்கிவிட முடியாது. ஸ்கொட்லாந்தில் வளர்ந்த ஆட்டமுறை, ஒருவர் பந்தைத் தாமே கொண்டோடுவதை விடுத்து, கூட்டாகப் பந்தைப் பகிர்ந்து முன்னேறுவதாகும். ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே சாலையில் உழைத்து, ஒரே திடலில் ஆண்டுக்கணக்காக ஒன்றாக ஆடியோருக்கு இம்முறை இயல்பாகவே கைகூடும். நகரக் கழகங்களுக்கு ஆள்வளம் மிகுதி. சிற்றூருக்கு இருந்தது பழக்கத்தின் வலிமை. பணம் ஆட்டக்காரரை இடம்பெயர்க்காத காலம் வரையில் இவ்வலிமை வென்றது.

4. 1888: உச்சமும் அதன் பொருளும்

1888 பெப்ரவரியில் நடைபெற்ற கிண்ண இறுதியாட்டத்தில் றென்ரன், காம்பஸ்லாங் கழகத்தை 6-1 என வென்றது. ஸ்கொட்லாந்துக் கிண்ண இறுதியாட்ட வரலாற்றில் இதனினும் கூடிய கோல் வேறுபாட்டில் எவரும் வென்றதில்லை. அதே ஆண்டு இங்கிலாந்துக் கிண்ணத்தை வென்றது வெஸ்ற் புறோம்விச் அல்பியன். இவ்விரு கழகங்களும் 1888 மே 19இல் கிளாஸ்கோவில் கொட்டும் மழையில் மோதின. 4-1 என வென்ற றென்ரன், ‘ஐக்கிய இராச்சியத்தினதும் உலகினதும் வெற்றிவீரர்’ என அறிவிக்கப்பட்டது. தமது திடலான ரொன்ரைன் பார்க்கில் அப்பட்டத்தை ஊரார் எழுதி வைத்தனர் என்பர். வீரர்கள் முட்டை கலந்த திராட்சை மதுவைப் பயிற்சிக்கால உணவாக உண்டனர் என்ற செய்தியும் வழங்குகின்றது.

இப்பட்டத்தை எவ்வாறு மதிப்பிடுவது? இரு பிரித்தானியக் கழகங்கள் தம்முள் மோதி, வென்றவரை உலகின் தலைவர் எனக் கூறிக்கொண்டமை, பேரரசுக் கால மனப்பாங்கின் வெளிப்பாடே. ஆனால் அதே செயலை மறுபுறமிருந்தும் நோக்கலாம். சில ஆயிரம் சாயத்தொழிலாளர் வாழும் ஒரு சிற்றூர், இலண்டனும் கிளாஸ்கோவும் வழங்காத மதிப்பைத் தன் உழைப்பாளிகளின் காலால் ஈட்டிக்கொண்டது. இரு பொருளும் உண்மையே. ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் கூறும் வரலாறு குறையுடையதாகும்.

இதே 1888ஆம் ஆண்டிலேதான் இந்தியாவின் சிம்லாவில் டியூரண்ட் கிண்ணம் தொடங்கப்பெற்றது. அதன் முதல் இறுதியாட்டத்தில் மோதிய இரு அணிகளும் ஸ்கொட்லாந்துப் படைப்பிரிவுகளே. லீவன் பள்ளத்தாக்கில் தொழிலாளர் ஆட்டமாக வளர்ந்த அதே ஆட்டம், கடல் கடந்தபோது ஆட்சியாளரின் படையாட்டமாகத் தோற்றங் கொண்டது. 1911 யூலை 29இல் கல்கத்தாவில் மோகன் பகான் கழகம் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, கிழக்கு யோர்க்சயர் படைப்பிரிவை 2-1 என வென்றபோதே அத்தோற்றம் உடைபட்டது. ஆட்டம் யாருடையது என்பதை அது தோன்றிய இடம் தீர்மானிப்பதில்லை, ஆடுவோரே தீர்மானிக்கின்றனர்.

5. வீழ்ச்சியின் காரணங்கள்

உச்சத்தைத் தொட்ட அதே மாதத்திலேயே வீழ்ச்சியும் தொடங்கியது. கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த ஏழை அயர்லாந்துக் குடியேறிகளின் சிறார்க்கு உணவளிக்க நிதிதிரட்டும் நோக்குடன் 1887இல் நிறுவப்பட்ட செல்ரிக் கழகம், 1888 மே 28இல் தன் முதலாட்டத்தை ஆடியது. அவ்வாட்டத்தில் செல்ரிக்கின் முதற் கோலை அடித்தவர் றென்ரன் வீரரான நீல் மக்கலம். றென்ரனின் நடுநிலை வீரரான ஜேம்ஸ் கெலியும் அவருடன் சென்று, பின்னர் செல்ரிக்கின் தலைவரானார். அன்ட்ரூ ஹனா இங்கிலாந்து சென்று எவர்ற்ரன் கழகத்துக்கும் பின்னர் லிவர்பூல் கழகத்துக்கும் தலைமை தாங்கினார். இங்கிலாந்தில் 1885இலேயே ஆட்டத்துக்கு ஊதியம் பெறுவது சட்டபூர்வமாகியிருந்தது. ஸ்கொட்லாந்தில் 1893 வரை அது தடைசெய்யப்பட்டிருந்தது. சாயச்சாலையில் வாரக்கூலி பெற்ற இளைஞன், தன் திறமைக்கு விலைதரும் ஊருக்குச் சென்றதைக் குறைகூறுவதற்கில்லை. உழைப்பை விற்று வாழ்பவனுக்கு அது இயல்பான தெரிவு. ஆயின் அதன் விலையைச் செலுத்தியது சிற்றூர்.

இதனினும் வியப்புக்குரியது, றென்ரனை வீழ்த்திய அமைப்பை உருவாக்கியதில் றென்ரனுக்கே பெரும் பங்கு உண்டு என்பது. 1890 மார்ச்சில் நிலையான ஆட்ட அட்டவணையுடைய ஒரு சங்கப் போட்டியை அமைப்பது குறித்து ஆராயுமாறு 14 கழகங்களுக்குக் கடிதம் விடுத்தவர் றென்ரன் கழகச் செயலாளர் பீற்றர் பெயர்லி. அதன் விளைவாக ஸ்கொட்லாந்து உதைபந்தாட்ட லீக் 11 கழகங்களுடன் அவ்வாண்டே தொடங்கியது. நிலையான அட்டவணை என்பது நிலையான வாயிற்கட்டண வருவாய். அவ்வருவாய் மக்கட்டொகைக்கு ஏற்ப அமைவது. பல்லாயிரவரைத் திரட்டவல்ல கிளாஸ்கோவோடு சில ஆயிரவரே வாழும் சிற்றூர் எவ்வாறு ஈடுகொடுக்கும்? கிண்ணப் போட்டியிலே ஒரு நாளைய திறமை வெல்லலாம். ஆண்டு முழுதும் நீளும் லீக்கில் வளமே வெல்லும்.

முதற் பருவத்திலேயே மற்றோர் அடியும் விழுந்தது. ஊதியம் வழங்கியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுத் தடைசெய்யப்பட்டிருந்த எடின்பரோவின் சென் பேணாட்ஸ் கழகத்தினர் வேறு பெயரில் அமைத்த அணியுடன் ஆடியதற்காக, ஐந்து ஆட்டங்கள் முடிந்த நிலையில் றென்ரன் நீக்கப்பட்டது. கழகம் நீதிமன்றத்தை நாடியது. 1891இல் மீளச் சேர்க்கப்பட்டது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் வருவாயும் வீரரும் போயினர். 1894இல் அது இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 1895இல் இரண்டாம் பிரிவில் இருந்தவாறே கிண்ண இறுதியாட்டத்தை மீண்டும் எட்டிய றென்ரன், 2-1 எனத் தோற்றது. வென்ற கழகம் அதே சென் பேணாட்ஸ். 1897இல், பருவத்தின் நான்கு ஆட்டங்களோடு லீக்கிலிருந்து விலகியது. பின்னர் சிறு போட்டிகளில் ஆடி, 1922இல் கழகம் கலைந்தது. வேல் ஒவ் லீவனும் 1929இல் மறைந்தது. மூன்றனுள் டம்பாட்டன் மட்டுமே இன்றும் நிலைத்துள்ளது. அது அக்காலத்தில் கப்பல்கட்டும் தொழிலையுடைய நகரமாயிருந்தது. அதன் மக்கட்டொகையும் தொழில்வளமும் பரந்திருந்தன.

கழகத்தின் வீழ்ச்சியோடு தொழிலின் வீழ்ச்சியையும் இணைத்து நோக்குதல் வேண்டும். போட்டியைச் சமாளிக்க இயலாத சாயச்சாலை முதலாளிகள் 1890களின் இறுதியில் ‘ஐக்கிய துருக்கிச் சிவப்புக் கம்பனி’ என ஒன்றிணைந்தனர். 1911இல் அக்கம்பனியின் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். முதலாம் உலகப்போரின் பின்னர்க் கீழைத்தேயச் சந்தைகள் சுருங்க, வேலையின்மை பள்ளத்தாக்கைச் சூழ்ந்தது. இந்தியாவின் ஆலைத்தொழில் வளர்ச்சியும் அந்நியத் துணிப் புறக்கணிப்பும் அச்சுருக்கத்துக்கான காரணங்களுட் சில. 1930களில் பொதுவுடைமையாளரின் செல்வாக்கு ஓங்கிய அப்பள்ளத்தாக்கு ‘சின்ன மொஸ்கோ’ எனப் பெயர் பெற்றது. முன்னர்க் கழகத்தை உருவாக்கிய அதே கூட்டுணர்வு, கழகம் மறைந்தபின் வேலையற்றோர் இயக்கத்திலும் உள்ளூராட்சியிலும் வெளிப்பட்டது எனக் கொள்ளுதல் தவறாகாது.

6. திருகோணமலைக்கு உரிய பாடங்கள்

1795இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய திருகோணமலை, நூற்றாண்டுக்கு மேலாகப் பிரித்தானியக் கடற்படையின் கீழைத்தேய நிலையங்களுள் ஒன்றாக விளங்கியது. கப்பல்துறையும், சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களும், இரண்டாம் உலகப்போரின் பெருந் தேவைகளும் பல திசைகளிலிருந்தும் உழைப்பாளரை இங்கு ஈர்த்தன. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டுவீசியபோது நகரின் பொதுமக்களும் அப்போரின் சுமையை ஏற்றனர். 1957 அக்டோபரில் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. அது நாட்டின் இறைமைக்கு வெற்றி. அதேவேளை, கடற்படையை நம்பி வாழ்ந்த தொழிலாளர் பலருக்கு வேலையிழப்பு.

றென்ரனுக்குச் சாயச்சாலை எதுவோ, திருகோணமலைக்குக் கடற்படைத் தளம் அது: வேலையையும் ஓய்வையும் ஒருங்கே வரையறுத்த ஒற்றைப் பெருநிறுவனம். ஆயினும் முடிவு வேறாயிற்று. சாயச்சாலை நலிந்தபோது றென்ரன் கழகம் மறைந்தது; தளபதிகள் சென்றபின்னும் திருகோணமலையில் ஆட்டம் மறையவில்லை. காரணம், இங்கு ஆட்டம் வாயிற்கட்டணச் சந்தையில் தங்கியிருக்கவில்லை. பாடசாலை, தெரு, மீனவர் குடியிருப்பு, ஊர் இளைஞர் கூட்டம் ஆகியவற்றையே அது தாங்குதளமாகக் கொண்டது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை நகருக்கும் கிண்ணியாவுக்கும் இடையே செல்வோர் படகுப் பாதையில் களப்பைக் கடக்க வேண்டியிருந்தது. இடர்மிகுந்த அந்நாள்களிலும் இரு கரையிலும் பந்து உருண்டது.

இங்குதான் நமது காலத்துக்குரிய வினா எழுகின்றது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்தவரும் வாழும் இம்மாவட்டம் 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தின் இடப்பெயர்வுகளையும் 2004 டிசம்பரின் ஆழிப்பேரலையையும் கண்டது. குடியிருப்பும் பாடசாலையும் வழிபாட்டிடமும் இனவாரியாகப் பிரிந்து கிடக்கும் சூழலில், எதிரணி என்ற முறையிலேனும் ஒருவரையொருவர் பெயர்சொல்லி அறியும் இடமாக விளையாட்டுத் திடல் அமையக்கூடும். அவ்வாறு அமைதல் தானாக நிகழ்வதன்று. ஏழைச் சிறாரின் பசிதீர்க்கத் தோன்றிய செல்ரிக்கும் அதன் எதிரணியான றேஞ்சர்ஸும் கிளாஸ்கோவில் சமயப் பிளவின் சின்னங்களாக மாறிய வரலாறு நமக்கு எச்சரிக்கையாகும். கழகம் ஒரு சமூகத்தின் புகலிடமாதல் நன்று. அது வேலியாக மாறுதல் தீது. திடலை யார் நிருவகிக்கின்றனர், அது எவர்க்குத் திறந்துள்ளது, பெண்கள் அதில் இடம்பெறுகின்றனரா என்பவையே இவ்விரண்டையும் வேறுபடுத்தும் அளவுகோல்களாகும். றென்ரனில் சாயச்சாலைக் கூடங்களை நிறைத்திருந்த பெண்களுக்கு ரொன்ரைன் பார்க்கில் இடமிருக்கவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

7. முடிவுரை

சிற்றூர்க் கழகமொன்றின் வரலாறு வெற்றிதோல்விப் பட்டியலன்று. உழைப்பின் நேரம், ஓய்வுக்கான உரிமை, தொழிலின் வளர்ச்சி தளர்ச்சி, பணத்தின் ஈர்ப்பு, அயலாரோடு கொண்ட உறவு ஆகிய அனைத்தும் அதில் ஒருங்கே பதிந்துள்ளன. றென்ரன் வரலாற்றை இன்று எழுத முடிவதற்குக் காரணம், அதன் காலத்துச் செய்தித்தாள்களும் சங்கக் குறிப்பேடுகளும் பேணப்பட்டமையே.

நமது மாவட்டத்துக் கழகங்களுக்கும் இத்தகைய ஆவணப்பணி வேண்டும். வீரகேசரி, தினகரன் ஆகியவற்றின் பழைய இதழ்கள், கோணேசுவரா இந்துக் கல்லூரி, புனித சூசையப்பர் கல்லூரி போன்ற பாடசாலைகளின் வரலாறு, கழகங்களின் கூட்டக் குறிப்புகள், வீட்டுச் சுவர்களில் மாட்டப்பட்டுள்ள அணிப் புகைப்படங்கள், கப்பல்துறையில் வேலைசெய்த முதியோரின் நினைவுகள் என்பன அதற்கான மூலங்கள். புகைப்படத்தில் நிற்கும் பதினொருவரின் பெயரோடு, அவர்கள் என்ன வேலை செய்தனர், எத்தெருவிலிருந்து வந்தனர், பின்னர் எங்குச் சென்றனர் என்பனவும் பதியப்படுதல் வேண்டும். போரும் கடலும் கொண்டுபோனவை போக எஞ்சியிருப்பவை, அவற்றை அறிந்த முதியோர் வாழும் காலத்திலேயே தொகுக்கப்பட வேண்டும். பல்கலைக்கழக மாணவர் தமது விடுமுறைக் காலத்தில் தத்தம் ஊர்த் திடலிலிருந்தே இப்பணியைத் தொடங்கலாம். மாலையாட்டத்தைப் பார்த்தபடி திடலோரத்தில் அமர்ந்திருக்கும் முதியவரிடம் கேட்கும் முதல் வினா, எழுதப்படாத ஒரு சமூக வரலாற்றின் முதற் பக்கமாக அமையும்.